முன்னாள் படைவீரர் ஃபிரான்சைஸ் கடை எடுக்க: எது முதலில், எது பிறகு

படையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறவர்கள் ஃபிரான்சைஸ் (ஒரு கம்பெனியின் பெயரிலும் முறையிலும், அதற்குக் கட்டணம் கொடுத்துக் கடை நடத்தும் உரிமை) எடுக்கும்போது பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் ஒரு பிராண்டு பிடித்துப்போகிறது. "உங்க ஏரியாவை வேற யாராவது எடுத்துடுவாங்க சார்" என்று ஒரு போன் வருகிறது, டோக்கன் அட்வான்ஸ் போய்விடுகிறது. அப்புறம் இடம் தேடுகிறார்கள், அப்புறம் வங்கிக்குப் போகிறார்கள். ஒப்பந்தத்தைப் படிப்பது கடைசியில்தான், அதுவும் கையெழுத்துப் போடும் மேசையில்.

இந்த வரிசையை ஏறத்தாழத் தலைகீழாகத் திருப்பினால் பாதி நஷ்டம் வராது. தமிழ்நாட்டில் ஜவான், ஜே.சி.ஓ. (ஜவானுக்கு மேல், அதிகாரிக்குக் கீழ்) நிலையில் ஓய்வு பெறுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அதிகாரிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. டிஸ்சார்ஜுக்கு முன்பே செய்ய வேண்டியவை

பணியில் இருக்கும்வரை அனுமதி இல்லாமல் உங்கள் பெயரில் வியாபாரம் செய்ய முடியாது. எனவே அந்தக் காலத்தில் கையெழுத்தும் வேண்டாம், பணமும் வேண்டாம். விசாரிப்பதற்கும் கற்றுக்கொள்வதற்கும் தடை இல்லை.

சிலர் அவசரப்பட்டு மனைவி பெயரில் ஒப்பந்தம் போட்டுவிடுகிறார்கள். பிறகு முன்னாள் படைவீரருக்கான மானியத் திட்டத்துக்குப் போனால் விண்ணப்பதாரர் ஒருவர், கடைக்காரர் வேறொருவர் என்று கோப்பு நின்றுவிடுகிறது. விண்ணப்பம், ஒப்பந்தம், வாடகைப் பத்திரம், ஜி.எஸ்.டி., உத்யம் (சிறுதொழில்) பதிவு எல்லாம் ஒரே பெயரில் இருக்க வேண்டும். யார் பெயர் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

மத்திய அரசின் மறுவாழ்வு இயக்குநரகமான டி.ஜி.ஆர்., ஓய்வுக்கு முன் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. சில 24 வாரம்வரை நீளும். கூட இருப்பவர்கள் எல்லோரும் செக்யூரிட்டி கோர்ஸ் எடுக்கிறார்கள் என்று நீங்களும் எடுக்காதீர்கள். கடை நடத்தும் எண்ணம் இருந்தால் சில்லறை வணிகம், கணக்கு, தொழில்முனைவோர் பயிற்சி என்று எது கிடைக்கிறதோ அதைக் கேளுங்கள். வங்கி மேலாளரிடம் நீட்ட அந்தச் சான்றிதழ் உதவும். அதைவிட, கொள்முதல் விலைக்கும் லாபத்துக்கும் உள்ள தொடர்பு சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே புரிந்துவிடும்.

அடுத்தது பெயர்ப் பொருத்தம். படை ஆவணத்தில் இனிஷியல் கடைசியில், ஆதாரில் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக: நம் ஊர்க்காரர்களுக்கு இது வழக்கமான தலைவலி. ஸ்பர்ஷ் என்ற படை ஓய்வூதியத் தளத்தில் இருக்கும் பெயரும் பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணையில் இருக்கும் பெயரும் ஆதார், பானோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். யூனிட்டில் இருக்கும்போது திருத்துவது சுலபம்.

டிஸ்சார்ஜ் ஆனதும் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்து அடையாள அட்டை வாங்குங்கள். இனி வரும் சலுகை எதற்கும் அதுதான் வாசல்.

2. பணத்தைப் பிரித்து வைப்பது

ஓய்வின்போது பணிக்கொடை, கம்யூடேஷன், 300 நாள்வரைக்குமான விடுப்புச் சம்பளம், ஏ.எஃப்.பி.பி. ஃபண்ட் (படைவீரர் சேமநிதி), குரூப் இன்ஷூரன்ஸ் முதிர்வு என்று பணம் மொத்தமாக வருகிறது. வாழ்நாளில் ஒருமுறைதான் அப்படி வரும். ஃபிரான்சைஸ் விற்கும் ஏஜென்ட்டுகளுக்கும் இது நன்றாகத் தெரியும்.

பிராண்டு பெயரைக் கேட்பதற்கு முன்பே பணத்தை மூன்றாகப் பிரித்துத் தனித்தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். முதலாவது தொடக் கூடாத பணம்: பிள்ளைகளின் படிப்பு, வீடு, மருத்துவம். இரண்டாவது கடையில் போடும் முதலீடு. மூன்றாவது, கடை திறந்தபின் விழும் பள்ளங்களை மூடும் கையிருப்பு. இந்த மூன்றாவதை எல்லோரும் மறக்கிறார்கள். எட்டு மாத வாடகை, சம்பளம், மின்கட்டணம் அளவுக்காவது அது இருக்கட்டும், ஏனென்றால் புதுக் கடை முதல் மாதமே தன் காலில் நிற்காது.

கம்யூடேஷன் பற்றி ஒரு வார்த்தை. படைவீரர்கள் ஓய்வூதியத்தில் 50 சதவீதம்வரை மொத்தத் தொகையாக மாற்றிக்கொள்ளலாம், 15 ஆண்டு கழித்துத்தான் முழு ஓய்வூதியம் திரும்பும். அந்தத் தொகை உங்கள் அடுத்த 15 வருட மாதப்பணத்தின் முன்பணம். கடை மூடினாலும் ஓய்வூதியம் குறைந்தபடியேதான் வரும்.

ஓய்வூதியத்தை அடமானமாகக் காட்டி வாங்கும் பென்ஷன் லோனைக் கடைக்குப் பயன்படுத்தாதீர்கள். பென்ஷன் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே தவணை அந்தக் கணக்கிலிருந்து பிடிக்கப்பட்டுவிடும், கடை ஓடாத மாதத்தில் வீட்டுச் சாப்பாட்டில்தான் கை வைக்கும்.

அக்னிவீரர்களின் கணக்கு வேறு. நான்கு ஆண்டு முடித்தால் சேவா நிதி வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய், ஓய்வூதியம் கிடையாது. பின்னால் தாங்க மாத வருமானம் இல்லாதவர் முழுத் தொகையையும் ஒரு கடையில் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அதே பிராண்டின் ஏதாவது ஒரு கடையில் ஒரு வருடம் சம்பளத்துக்கு வேலை பாருங்கள். வயது உங்கள் பக்கம் இருக்கிறது.

3. எந்த வகை என்று தெரிந்துகொள்வது

ஃபோஃபோ என்றால் முதலீடும் உங்களுடையது, நடத்துவதும் நீங்கள். ஃபோகோ என்றால் முதலீடு உங்களுடையது, நடத்துவது கம்பெனி. கோகோ என்றால் இரண்டும் கம்பெனியுடையது. எண்ணெய் நிறுவனங்களின் கோகோ பெட்ரோல் பங்க்குகளை டி.ஜி.ஆர். மூலம் முன்னாள் படைவீரர்கள் நடத்துவது உண்டு, ஆனால் அது நடத்திக் கொடுக்கும் ஒப்பந்தம், உங்கள் சொத்தாகாது.

ஃபோகோவில் கவனம் தேவை. "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் சார், மாசாமாசம் மினிமம் கேரண்டி வந்துடும்" என்பார்கள். கடையே நடத்தாமல் நிலையான வருமானம் தருவதாகச் சொன்னால், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். கடை விற்பனையிலிருந்து வராவிட்டால் அடுத்து சேருகிறவரின் முதலீட்டிலிருந்துதான் வரும்.

ராயல்டி, அதாவது விற்பனையில் கம்பெனிக்குக் கொடுக்கும் பங்கு, இல்லாத வகைகளும் உண்டு. அமுல் பார்லர்களில் ராயல்டி கிடையாது, எம்.ஆர்.பி.யில் உங்களுக்குக் கிடைக்கும் கழிவுதான் (கமிஷன்). அந்த நிறுவனம் வெளியிட்ட அளவின்படி பால் பாக்கெட்டுக்குச் சுமார் 2.5 சதவீதம், பால் பொருள்களுக்கு 10, ஐஸ்கிரீமுக்கு 20. பால் மட்டும் விற்கிற தெருவில் கடை போட்டால் கூட்டம் இருக்கும், காசு இருக்காது. கழிவு விகிதத்தைவிட எது அதிகம் விற்கும் என்பதுதான் கணக்கை முடிவு செய்கிறது.

பெட்ரோல் பங்க், சமையல் எரிவாயு ஏஜென்சி ஆகியவற்றில் படைவீரர்களுக்கான ஒதுக்கீட்டுப் பிரிவு உண்டு. அவை விளம்பரம் வெளியாகி, விண்ணப்பித்து, குலுக்கலில் முடிவாகிறவை. "பங்க் வாங்கித் தருகிறேன்" என்று காசு கேட்கிறவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

மாவட்ட உரிமை, மாஸ்டர் ஃபிரான்சைஸ் என்று ஆசை காட்டுவதும் நடக்கும். ஒரு கடையைக்கூட நடத்திப் பார்க்காதவர் பத்துக் கடைக்கு உரிமை வாங்க வேண்டாம்.

4. கம்பெனியைக் காகிதத்தில் சோதிப்பது

அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்கிற நிறுவனம் 23 தலைப்புகள் கொண்ட தகவல் ஆவணத்தை, கையெழுத்துக்கோ பணத்துக்கோ குறைந்தது 14 நாள் முன்பு வாங்குகிறவரிடம் கொடுத்தே ஆக வேண்டும். வழக்குகள், மூடிய கடைகள், நிறுவனத்தின் வரவு செலவு எல்லாம் அதில் இருக்கும். நம் நாட்டில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 1999ஆம் ஆண்டின் வணிக முத்திரைச் சட்டம் போன்றவைதான் துணை. கம்பெனி தானாக எதையும் சொல்லக் கடமைப்படவில்லை, நாம்தான் தோண்ட வேண்டும்.

தோண்டுவது பெரிய வேலை ஒன்றும் இல்லை. வணிக முத்திரைப் பதிவகத்தின் இணையதளத்தில் பிராண்டு பெயரைத் தேடுங்கள். பதிவாகியிருக்கிறதா, விண்ணப்ப நிலையிலேயே இருக்கிறதா, யாராவது ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார்களா என்று தெரியும். யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். முத்திரை ஒருவர் பெயரிலும் ஒப்பந்தம் இன்னொரு கம்பெனி பெயரிலும் இருந்தால், இந்தக் கம்பெனிக்கு அந்தப் பெயரை உங்களுக்குத் தரும் உரிமை இருப்பதற்கான பத்திரத்தைக் கேளுங்கள். இல்லையென்றால் நாளை பெயர்ப்பலகையை இறக்கச் சொல்லி வேறொருவர் நோட்டீஸ் அனுப்பலாம்.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் கட்டினால் அதன் ஆண்டுக் கணக்கைப் பார்க்கலாம். உங்கள் ஆடிட்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இவர்களுக்கு வருமானம் ராயல்டியிலும் பொருள் விற்பனையிலும் வருகிறதா, புதுக் கடைகளின் நுழைவுக் கட்டணத்தில் வருகிறதா? இரண்டாவது என்றால் உங்கள் கடை ஓடுவதில் அவர்களுக்குப் பெரிய அக்கறை இருக்க வாய்ப்பில்லை. இ-கோர்ட்ஸ் தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டு வழக்குகளையும் பாருங்கள்.

பிரபலமான பிராண்டுகளின் பெயரில் போலி இணையதளங்கள் நிறைய உலவுகின்றன. தேடலில் முதலில் வந்த விளம்பரத்தை அழுத்தி விண்ணப்பித்து, "பதிவுக் கட்டணம்" கட்டி ஏமாந்தவர்கள் உண்டு. நிறுவனத்தின் பொருளில் அச்சிட்டிருக்கும் எண்ணை அழைத்து, ஃபிரான்சைஸ் பிரிவின் முகவரியைக் கேட்டுக்கொண்டு நேரில் போங்கள்.

5. கடை நடத்துகிறவர்களிடம் போய் உட்காருவது

இந்தப் படியை யார் சரியாகச் செய்கிறார்களோ அவர்கள் பெரும்பாலும் தப்பிக்கிறார்கள். சோம்பேறித்தனத்தால் இல்லாமல், கூச்சத்தால் விடுகிறவர்கள்தான் அதிகம். முன்பின் தெரியாதவரிடம் போய் வருமானத்தைக் கேட்பதா என்ற தயக்கம்.

கம்பெனி கொடுக்கும் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதில் இருப்பவர்களோடு நிறுத்தாதீர்கள். நன்றாக ஓடும் கடைகளைத்தான் அதில் போட்டிருப்பார்கள். மேப்பில் பிராண்டு பெயரைத் தேடி, உங்கள் ஊர் அளவுள்ள ஊர்களில் இருக்கும் கடைகளுக்கு நீங்களே போங்கள். சென்னைக் கடையின் கணக்கு வந்தவாசிக்குப் பொருந்தாது. மூடிய கடைகளையும் தேடுங்கள். பழைய பெயர்ப்பலகை இருந்த இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் கேட்டால் உரிமையாளர் எண் கிடைத்துவிடும்.

மதியம் மூன்று மணிபோல, கூட்டமில்லாத நேரத்தில் போய் உண்மையைச் சொல்லுங்கள்: "அண்ணே, நான் ஆர்மில இருந்து வந்திருக்கேன், இதே கடை எங்க ஊர்ல எடுக்கலாம்னு இருக்கேன். எனக்குக் கொஞ்சம் சொல்லுங்க." பெரும்பாலும் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். படையில் இருந்தவருக்கு இந்த மரியாதை இன்னும் இருக்கிறது, அதை இங்கே பயன்படுத்துங்கள்.

கேட்க வேண்டியவை: கம்பெனி சொன்ன முதலீட்டுக்கு மேல் எவ்வளவு செலவானது? எந்த மாதம் முதல் கையைக் கடிக்காமல் ஓடியது? பொருள் சொன்ன நாளில் வருகிறதா, கெட்டுப்போன சரக்குக்குப் பணம் திரும்புகிறதா? பக்கத்திலேயே இன்னொரு கடை கொடுத்தார்களா? கடைசியாக ஒன்று: "திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னா இதையே எடுப்பீங்களா?" இதற்கு அவர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் கவனியுங்கள்.

விற்பனையை அவர் சொல்ல வேண்டியதே இல்லை. காலையில் கடை திறந்ததும் ஏதாவது வாங்கி பில்லை வைத்துக்கொள்ளுங்கள். இரவு மூடும் நேரத்தில் இன்னொன்று வாங்குங்கள். பில் எண்கள் வரிசையாகப் போகிற கடையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அன்றைய பில்களின் எண்ணிக்கை. அரைமணி நேரம் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு பில் சராசரியாக எவ்வளவு என்பது தெரிந்துவிடும். ஒரு சாதாரண நாள், ஒரு ஞாயிறு, மாதக் கடைசியில் ஒரு நாள் என்று பார்த்தால் கம்பெனியின் பவர்பாயிண்ட்டில் இருக்கும் எண்ணுக்கும் இதற்கும் உள்ள தூரம் புரியும்.

6. கணக்கைக் கையால் போடுவது

ஒரு சின்னத் தேநீர், சிற்றுண்டிக் கடையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் எண்களை அந்த இடத்தில் போடுங்கள்.

ஜி.எஸ்.டி. நீக்கி ஒரு நாள் விற்பனை 9,000 ரூபாய், மாதம் 2,70,000. சரக்கு 45 சதவீதம் என்றால் 1,21,500. ராயல்டி 5 சதவீதம், 13,500. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,430. வாடகை 35,000. மூன்று பேர் சம்பளம் 45,000. மின்சாரம் 14,000. கேஸ், பேக்கிங், வீணானது, பழுது எல்லாம் சேர்த்து 12,000. செலவு மொத்தம் 2,43,430. மிச்சம் 26,570.

10 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 21,740. கையில் நிற்பது ஐயாயிரத்துக்கும் கீழே. காலை ஆறு முதல் இரவு பத்துவரை நீங்கள் நின்றதற்குச் சம்பளம் இன்னும் எழுதவில்லை.

இப்போது விற்பனை நாளுக்கு ஆயிரம் ரூபாய் மட்டும் குறையட்டும். தவணைக்கு முன் மிஞ்சுவது 11,840 ஆகிவிடும், தவணை கட்ட மாதம் கிட்டத்தட்ட 9,900 ரூபாய் வெளியிலிருந்து வர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது ஓய்வூதியத்திலிருந்து வருகிறது, யாரும் அதை நஷ்டம் என்று எழுதுவதில்லை. பென்ஷன் இல்லாதவர் ஆறு மாதத்தில் விழித்துக்கொள்வார். பென்ஷன் வாங்குகிறவர் மூன்று வருடம் கழித்துத்தான் உணர்கிறார். நமக்கே உரிய ஆபத்து இது.

இரண்டு விஷயம் இந்தக் கணக்கில் அடிக்கடி விடுபடும். ஒன்று, உணவகம் 5 சதவீத ஜி.எஸ்.டி.யில் இயங்கினால் உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. நுழைவுக் கட்டணம் 5 லட்சம் என்றால் அதன்மேல் கட்டும் 90,000 ரூபாய் வரியும், மாதாமாதம் ராயல்டிமேல் கட்டும் வரியும் திரும்ப வராது. இரண்டு, ராயல்டி லாபத்தின்மேல் கணக்கிடப்படுவதில்லை, விற்பனையின்மேல். நஷ்டத்தில் ஓடும் மாதத்திலும் கட்ட வேண்டும்.

உங்கள் உழைப்புக்கு ஒரு சம்பளம் எழுதிப் பாருங்கள். முன்னாள் படைவீரர்களுக்கு வேலை தரும் தமிழ்நாடு அரசு நிறுவனமான டெக்ஸ்கோ வழியாகவோ வேறு எங்கோ கிடைக்கும் வேலையின் சம்பளம் எவ்வளவோ அதையே எழுதுங்கள். அதையும் கழித்தபின் மிஞ்சுவதுதான் முதலீட்டுக்கான வருமானம். எதுவும் மிஞ்சாவிட்டால் வேலைக்குப் போய்விட்டுப் பணத்தை டெபாசிட்டில் போடுவது மேல்.

7. ஒப்பந்தத்தைப் பணத்துக்கு முன் படிப்பது

ஒப்பந்த நகலை முதலிலேயே கேளுங்கள். "பேமென்ட் ஆனதும் மெயிலில் வரும்" என்றால் பேமென்ட் வேண்டாம். டோக்கன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சிறு தொகையாக, எந்தச் சூழலில் திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, வங்கி மூலம் மட்டும் கொடுங்கள்.

யூனிட்டில் மேலதிகாரி வாயால் சொன்னாலே அது உத்தரவு. அந்தப் பழக்கத்தில், கம்பெனியின் ஏரியா மேனேஜர் சொன்னதையும் நம்பிவிடுகிறோம். அவர் ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் அன்றே மெயிலில் எழுதி, "நாம் பேசியது இதுதானே, ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்" என்று கேளுங்கள். சேர்க்கவில்லை என்றால் அந்த வாக்குறுதி இல்லை என்றே கணக்குப் போடுங்கள்.

ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவதற்குக் கொடுக்கும் கட்டணம் நுழைவுக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் சொற்பம். அவரிடம் குறிப்பாகக் கேட்க வேண்டியவை இவை.

காலம், புதுப்பிப்பு: எத்தனை வருடம், புதுப்பிக்க மறுபடி முழுக் கட்டணமா? உள்அலங்காரத்தை நடுவில் மாற்றச் சொல்ல கம்பெனிக்கு உரிமை இருக்கிறதா? இருந்தால் செலவு உங்கள் தலையில்.

எல்லை: "உங்கள் ஏரியா" என்று இருந்தால் போதாது. எத்தனை கிலோமீட்டர், ஆன்லைன் டெலிவரிக்கும் அது பொருந்துமா என்று இருக்க வேண்டும்.

கொள்முதல்: எதெல்லாம் கம்பெனியிடமே வாங்க வேண்டும், விலையை அவர்கள் இஷ்டப்படி ஏற்றலாமா? ராயல்டி குறைவு என்று பெருமையாகச் சொல்கிற பல இடங்களில் சரக்கு விலையில் அது ஒளிந்திருக்கும்.

வாரிசு: உரிமையாளர் இறந்தால் கடை மனைவிக்கோ பிள்ளைக்கோ மாறுமா, மாற்றுக் கட்டணம் உண்டா? குடும்ப ஓய்வூதியத்துக்கு நாமினி போடத் தெரிந்த நாம் இதைக் கேட்க மறக்கிறோம்.

காசோலை: பாதுகாப்புக்கு என்று தொகை எழுதாத காசோலைகளில் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள். தகராறு வந்தால் அவர்கள் எண்ணை நிரப்பி வங்கியில் போடலாம், திரும்பினால் செக் மோசடி வழக்கை நீங்கள் சந்திக்க வேண்டும்.

தகராறு: மத்தியஸ்தம் டில்லியில், மும்பையில் என்று போட்டிருப்பார்கள். சென்னைக்கு மாற்றக் கேளுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயில் ஏற முடியாது.

போட்டித் தடை: ஒப்பந்தம் ஓடும் காலத்தில் போட்டி பிராண்டு நடத்தக் கூடாது என்பது செல்லும், 1995இல் உச்ச நீதிமன்றமும் குளிர்பானப் பாட்டில் நிறுவன வழக்கு ஒன்றில் அப்படித்தான் சொன்னது. முடிந்தபிறகும் அதே தொழில் செய்யக் கூடாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனாலும் கம்பெனியின் செய்முறை, பெயர், மெனு எதையும் தொடக் கூடாது.

இன்னொன்று: நுழைவுக் கட்டணத்தில் சலுகை கேளுங்கள். அமெரிக்காவில் 1991 முதல் வெட்ஃபிரான் என்ற திட்டத்தின் கீழ் பல நிறுவனங்கள் முன்னாள் படைவீரர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கின்றன. இங்கே அப்படி ஒரு ஏற்பாடு இல்லாததால் கேட்டால்தான் கிடைக்கும். நம்மவர்கள் பேரம் பேசுவதை மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். எதிரில் இருப்பவர் அப்படி நினைப்பதில்லை.

8. இடம்

ஒப்பந்தத்துக்கு முன் இடத்தைப் பார்க்கலாம், அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. கம்பெனி அந்த இடத்தை எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகுதான் கட்டட உரிமையாளரிடம் பணம்.

ஃபிரான்சைஸ் ஐந்து வருடத்துக்கு, வாடகைப் பத்திரம் 11 மாதத்துக்கு. இந்த முரண்பாட்டைப் பல கடைகளில் பார்க்கலாம். பல லட்சம் செலவழித்து உள்வேலை முடித்தபின், வீட்டுக்காரர் பதினோராம் மாதம் வாடகையை இரட்டிப்பாக்கினால் உங்களால் எழுந்து போக முடியாது. ஃபிரான்சைஸ் காலம் எவ்வளவோ அத்தனை வருடத்துக்குக் குத்தகை எழுதிப் பதிவு செய்யுங்கள். வருட ஏற்றம் எத்தனை சதவீதம் என்பது அதில் இருக்கட்டும். வெளியேறும் உரிமை உங்களுக்கு இருக்கட்டும், பூட்டுக்காலம் (காலி செய்யச் சொல்ல முடியாத காலம்) வீட்டுக்காரருக்கு இருக்கட்டும்.

வணிக மின் இணைப்பு இருக்கிறதா, த்ரீ ஃபேஸ் வாங்க முடியுமா, தண்ணீர், கழிவுநீர் வழி, பெயர்ப்பலகை வைக்கும் அகலம். இவற்றை நேரில் பாருங்கள். ஃப்ரீசர், ஏ.சி., அடுப்பு மூன்றும் சேர்ந்தால் பழைய வயரிங் தாங்காது.

9. கடனும் மானியமும்

இங்கே வரிசைதான் எல்லாம். மானியத் திட்டங்கள் பொதுவாகப் புதுத் தொழிலுக்கு. மெஷின் வாங்கி, கடை திறந்து, படத்தோடு விண்ணப்பித்தால் ஏற்கெனவே நடக்கும் தொழில் என்று தள்ளிவிடுவார்கள். கம்பெனியிடமிருந்து விருப்பக் கடிதமும் செலவு விவரமும் வாங்கி, திட்ட அறிக்கை தயாரித்து, விண்ணப்பித்து, வங்கி ஒப்புதல் கடிதம் வந்த பிறகே பெரிய தொகைகளைக் கட்டுங்கள்.

தமிழ்நாடு அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் முன்னாள் படைவீரர்களுக்காகவே வந்தது. ஒரு கோடி ரூபாய்வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் என்பது அதன் அமைப்பு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் தொடங்குங்கள். மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி.யிலும் (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) முன்னாள் படைவீரர்கள் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள்: சொந்தப் பங்கு 5 சதவீதம், மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம் என்பதே அதன் விதி. எந்தத் திட்டத்துக்கு இந்த ஆண்டு நிதி இருக்கிறது என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

மானியம் கைக்கு வரும் பணம் என்று நினைத்துக் கடன் வாங்காதீர்கள். பி.எம்.இ.ஜி.பி.யில் அது மூன்று வருடம் வங்கியில் டெபாசிட்டாக இருந்து, அப்புறம்தான் கடனில் கழியும்.

முத்ரா கடன் 10 லட்சம்வரை பிணை இல்லாமல் கிடைக்கும். 20 லட்சம்வரை என்பது முன்பு முத்ராவின் தருண் பிரிவில் வாங்கிய கடனைச் சரியாகக் கட்டி முடித்தவர்களுக்கு. நுழைவுக் கட்டணத்தையும் டெபாசிட்டையும் திட்டச் செலவில் சேர்ப்பார்களா என்று மேலாளரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். சேர்க்காவிட்டால் அந்தத் தொகை முழுதும் உங்கள் கையிலிருந்து.

10. உரிமங்கள்

உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். ஜி.எஸ்.டி., நடப்புக் கணக்கு, உள்ளாட்சித் தொழில் உரிமம், உணவுக் கடை என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) உரிமம் எல்லாம் கடை முகவரியில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். "எல்லாம் கம்பெனி பார்த்துக்கும்" என்று சொன்னாலும் லாகின் உங்கள் மொபைல் எண்ணில் இருக்கட்டும்.

11. பயிற்சியும் ஆட்களும்

கம்பெனி தரும் பயிற்சி பெரும்பாலும் பொருள் தயாரிப்பில்தான் இருக்கும். கல்லா கணக்கு, சரக்கு இருப்பு, ஆள் நிர்வாகம் ஆகியவற்றை ஓடும் கடையில் இரண்டு வாரமாவது நின்று கற்றுக்கொள்ளுங்கள். மெஸ், கேன்டீன், ஸ்டோர் வேலை பார்த்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே கைவந்தது: இருப்புப் பதிவேடு, முதலில் வந்ததை முதலில் கொடுப்பது, இரவில் எண்ணிப் பூட்டுவது. செயல்முறை ஏட்டில் எழுதியபடி செய்வது நமக்குப் பழக்கம், ஃபிரான்சைஸுக்கு அது நல்ல தகுதி.

ஆட்களிடம்தான் சிக்கல் வரும். பத்தொன்பது வயதுப் பையனை யூனிட்டில் பேசியதுபோல் பேசினால் மறுநாள் வரமாட்டான், போனையும் எடுக்கமாட்டான். தாமதமாக வந்தால் என்ன, விடுப்பு எப்படி, சம்பளம் எந்தத் தேதி என்று எழுதி ஒட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். திறப்பு நாளில் தேவையைவிட ஒரு ஆள் கூடுதலாக இருக்கட்டும், முதல் மாதத்திலேயே ஒருவர் போய்விடுவார்.

12. திறந்தபின் முதல் வருடம்

கடைக்குத் தனி வங்கிக் கணக்கு, வீட்டுக்குத் தனி. ஓய்வூதியக் கணக்கிலிருந்து கடைக்கு ஒரு ரூபாய் போனாலும் "கடைக்குக் கடன்" என்று தேதியோடு நோட்டில் எழுதுங்கள். வீட்டில் இன்னொருவரும் அந்த நோட்டை மாதம் ஒருமுறை பார்க்கட்டும்.

திறப்பு விழாவின் கூட்டத்தை வைத்து ஆள் சேர்க்காதீர்கள், ஃப்ரீசர் வாங்காதீர்கள். முதல் சில வாரத்தில் வருவது வேடிக்கை பார்க்கும் கூட்டம். அது வடிந்தபிறகு வருகிற எண்தான் உங்கள் எண்.

கடை திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் இரண்டு எண் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள்: அதிகபட்சம் எவ்வளவு ரூபாய்வரை உள்ளே போடுவேன், எந்த மாதத்துக்குள் தவணை கடையிலிருந்தே கட்டப்பட வேண்டும். இரண்டில் ஒன்று தாண்டினால் ஒப்பந்தத்தின் வெளியேறும் பிரிவை எடுத்து, அறிவிப்புக் காலம் எத்தனை நாள் என்று பார்த்து, கம்பெனிக்கு எழுத்தில் கடிதம் அனுப்புங்கள். வேறொருவருக்குக் கடையை மாற்றிவிட ஒப்பந்தம் அனுமதித்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் தேடுங்கள். ஷட்டர் இறங்கிய கடையில் ஃப்ரீசரும் மேசையும் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்.